அக்காவின் மச்சம்

என் அடிவயிற்றின் வலது பக்கம் அக்காவின் சிறுநீரகம் இருக்கிறது. பலரும் நினைப்பதுபோல முதுகுப் பக்கம் இல்லை. முன்பக்கம், இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் உள்ளே, கைவைத்து அழுத்தினால் தட்டுப்படும். கெட்டுப்போன என்னுடைய இரண்டும் பழைய இடத்திலேயே சுருங்கிக் கிடக்கின்றன. புதிதாக வந்தது ஐந்து வருடமாக ஒரு நாள் லீவு போடாமல் வேலை பார்க்கிறது. அக்காவும் அப்படித்தான் இருந்தாள்.

அதைப் பொருத்தி வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அம்மா என்னையும் என் அம்மாவையும் அக்காவையும் மாமாவையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினார். மாமா என்றால் அக்காவின் கணவர். உடம்பு அடுத்தவர் உறுப்பை அந்நியமாகத்தான் பார்க்கும், தாக்கப் பார்க்கும், அதைத் தடுக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை உண்டு என்றார். அந்த மாத்திரை வாட்ச்மேனுக்குக் கொடுக்கிற தூக்க மருந்து மாதிரி. வந்த விருந்தாளியை அவன் விரட்டமாட்டான், ஆனால் திருடன் வந்தாலும் கவனிக்கமாட்டான். அதனால் மாற்று உறுப்பு வைத்தவர்களுக்குப் புற்றுநோய் வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், முக்கியமாகத் தோலில். வெயிலில் தொப்பி போடு, களிம்பு பூசு, மாதம் ஒருமுறை கண்ணாடி முன்னால் நின்று உடம்பைப் பார், புதிதாக மச்சமோ கட்டியோ ஆறாத புண்ணோ வந்தால் அடுத்த நாளே வா. இதை அவர் இரண்டு தடவை சொன்னார். நாங்கள் நான்கு பேரும் தலையாட்டினோம்.

தலையாட்டுவதில் எங்கள் குடும்பத்தை யாரும் மிஞ்ச முடியாது. தொப்பி ஒரு மாதத்தில் ஆணியில் தொங்கியது. களிம்பைப் பூசிக்கொண்டு வேலைக்குப் போனால் லேத்காரர்கள், 'இன்னா அண்ணாத்தே, பொண்ணு பாக்க வராங்களா' என்று ஓட்டினார்கள். அதையும் விட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய பட்டறையில் நான் தரம் பார்க்கிறவன். கடைந்து வருகிற பித்தளைப் பாகங்களை வெர்னியர் அளவுகோலில் அளந்து, ஓரத்தில் பிசிறு இருக்கிறதா, அளவு கூடியிருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவதுதான் என் வேலை. குறை சொல்லியே சம்பளம் வாங்குகிறவன் என்று எனக்குப் பெயர். இதை இங்கே சொல்லிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

அக்கா கொடுத்துவிட்டு இரண்டு வருடம் நன்றாக இருந்தாள். திருமழிசை எஸ்டேட்டில் பேக்கிங் வேலைக்குத் திரும்பினாள். ஒருநாள் ஷிப்ட் முடிந்து நெடுஞ்சாலையைக் கடக்கும்போது ஒரு கன்டெய்னர் லாரி வந்தது. அவ்வளவுதான். சிறுநீரகம் கொடுத்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். எனக்கும் தெரியும். ஆனால் அவள் உடம்பில் மிச்சமாக உயிரோடு இருப்பது என் வயிற்றுக்குள் இருப்பது மட்டும்தான் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோரும் நினைத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் பூவும் பொட்டுமாகப் போன பெண்ணை அப்படியே போகவிட மாட்டார்கள். பூவாடைக்காரி என்று அந்த வீட்டுக்கே தெய்வமாக வைத்துக் கும்பிடுவார்கள். புதுப் புடவை, வளையல், பூ எல்லாம் வைத்துப் பம்பை மேளக்காரர்களைக் கூட்டிவந்து அவளை அழைக்க வேண்டும். வீட்டில் யார்மீதாவது இறங்கி ஒரு வார்த்தை சொல்லுவாள். முதல் வருடத் திதி முடிந்ததும் மாமா திருமழிசை வீட்டில் அதைச் செய்தார். காலையில் தொடங்கிய பம்பை மதியம் வரைக்கும் அடித்தது. அம்மா கண்ணை மூடிக் காத்திருந்தாள். மாமாவின் தங்கை ஒரு முறை லேசாக ஆடிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். யார்மீதும் அக்கா வரவில்லை. கடைசியில் பம்பைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, அவள் இறங்க இடம் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நேரம் வந்தால் அவளே அடையாளம் காட்டுவாள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. மாமாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஷேவ் செய்யும்போது பார்த்தேன். இடது காதுக்குக் கீழே, தாடை முடிகிற இடத்தில், எள்ளளவு கறுப்பு. சோப்பு நுரையில் ஏதோ தூசி என்று துடைத்தேன். போகவில்லை.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அக்காவின் படம் இருக்கிறது. மாங்காடு கோயிலுக்குப் போனபோது அவளே தன் போனில் எடுத்துக்கொண்டது. போட்டோக் கடையில் பின்னால் இருந்த கூட்டத்தை அழித்து நீல வானம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தப் படத்தில் அவளுடைய இடது காதுக்குக் கீழே, தாடை முடிகிற இடத்தில் ஒரு மச்சம். சின்ன வயதிலிருந்தே இருந்தது. யோசிக்கும்போதெல்லாம் கட்டைவிரலால் அதைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

அம்மா என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். போய்க் கற்பூரத்தை ஏற்றினாள். சாயங்காலம் மாமா கம்பெனிச் சட்டையோடு பூந்தமல்லி வழியாக வண்டியில் வந்து இறங்கினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் நின்று பார்த்தார். அவருடைய மூச்சு என் கழுத்தில் பட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்தார். ஒரு முழம் மல்லிகை வாங்கிவந்து படத்துக்குப் போடுவார். பிறகு என் இடது பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்த வாரத்துக் கதையெல்லாம் சொல்லுவார். சூப்பர்வைசரோடு சண்டை, மேல்வீட்டில் தண்ணீர் ஒழுகுவது, கேஸ் தீர்ந்துபோனது. என் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார், கழுத்தைப் பார்த்துப் பேசுவார். நான் தலையைத் திருப்பினால் சட்டென்று நிறுத்திவிடுவார். ஒருநாள் கிளம்பும்போது வாசலில் நின்று, 'வர்றேம்மே' என்றார். 'மே' போட்டு அவர் அக்காவை மட்டும்தான் கூப்பிடுவார். சொன்னது அவருக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை. வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மாவும் மாறினாள். எனக்கு ஆகாது என்று வீட்டில் செய்யாமல் இருந்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை அக்காவுக்குப் பிடிக்கும் என்று வைத்தாள். வாடையே ஆகாத நான் அதைத் தட்டு வழித்துச் சாப்பிட்டேன். அடுத்த வாரம் நானே கேட்டேன். டிவி பார்க்கும்போது என் கட்டைவிரல் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பதை ஒருநாள் நானே கவனித்தேன். அம்மா கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. விரலை எடுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

பயம்தான். ஆனால் அந்தப் பயத்தில் ஒரு சுகமும் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். இரண்டு வருடம் டயாலிசிஸில் கிடந்தவனுக்கு உயிரைக் கொடுத்தவள், போன பிறகும் என்னைத் தேடி வந்திருக்கிறாள் என்றால் யாருக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரும்?

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நர்ஸ் ஒரு தாளைப் பார்த்து வரிசையாகக் கேட்பார். காய்ச்சல்? இல்லை. சிறுநீர் போகும்போது எரிச்சல்? இல்லை. கால் வீக்கம்? இல்லை. புதிதாக மச்சம், கட்டி, புண்? இல்லை. கடைசிக் கேள்விக்கும் அதே வேகத்தில்தான் சொன்னேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அது புதிய மச்சமா என்ன? அக்கா பிறந்த நாளிலிருந்து இருப்பது. இப்போது இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதானே. இருந்தாலும் ஆஸ்பத்திரி நாளில் மட்டும் கழுத்துப் பொத்தானைப் போட்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போவேன். பொத்தான் போடுகிறவனுக்கு விஷயம் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

தெரிந்தவனாக இருந்ததால்தான் அளக்கவும் அளந்தேன். பட்டறை பாத்ரூமில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, வெர்னியரைக் கழுத்தில் வைத்துக் கண்ணாடியில் எண்ணைப் படிப்பேன். ஆனால் அளவு குறித்த வரைபடம் இல்லாமல் அளந்து என்ன பயன்? அக்காவின் மச்சம் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிய வேண்டும். அதற்கும் வழி கண்டுபிடித்தேன். படத்தில் அவள் நெற்றியில் இருந்தது வட்ட ஸ்டிக்கர் பொட்டு. அதே பாக்கெட்டைத்தான் அம்மாவும் வாங்குவாள். ஒன்றை உரித்து அளந்தேன், எட்டு மில்லி. படத்தில் மச்சம் பொட்டில் சரிபாதி. ஆக, நான்கு.

என்னுடையது மூன்றில் இருந்தது, மூன்றரை ஆனது. நான்கு காட்டிய நாளில் பாத்ரூமில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வந்து சேர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். இனி நின்றுவிடும் என்றும் நினைத்தேன். அடுத்த மாதம் நான்கரை. பிறகு ஐந்து. ஓரத்தில் ஒரு பக்கம் பிசிறு தட்டியது, நடுவில் கறுப்பு ஒரு மாதிரியும் ஓரத்தில் வேறு மாதிரியும் இருந்தது. ஆறு. பட்டறையில் நான்கு மில்லி கேட்ட இடத்தில் ஆறு மில்லியைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால் அந்த ஆளை வாசல் வரைக்கும் திட்டிக்கொண்டே போயிருப்பேன். இதை மட்டும் கழுத்துப் பொத்தானுக்குள் மூடிவைத்துவிட்டு அடுத்த செக்கப்பிலும் இல்லை என்றேன்.

மொத்தம் ஒன்றரை வருடம். கடைசியில் அதுவே காட்டிக்கொடுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு காலையில் டாக்டர் அம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் நிமிர்ந்து, சட்டைக் காலரில் என்ன ரத்தம் என்று கேட்டார். ஷேவிங்கில் கீறிக்கொண்டது என்றேன். காலரை விலக்கச் சொன்னார். பூதக்கண்ணாடி போன்ற ஒன்றை வைத்து வெகுநேரம் பார்த்தார். எவ்வளவு நாளாக என்றார், சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு முறையும் கேட்டோமே, ஏன் இல்லை என்றீர்கள் என்று கேட்டார். இது என்னுடையது இல்லை, அக்காவுடையது என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்த அறையில் அதைச் சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட வார்த்தை என்று எனக்கே உறைத்தது.

அந்த வாரமே கொஞ்சம் வெட்டியெடுத்து அனுப்பினார்கள். புற்றுநோய் என்று வந்தது. பிறகு சுற்றிலும் பெரிதாக வெட்டியெடுத்தார்கள். கழுத்தில் ஒரு நெறிக்கட்டியிலும் அது எட்டிப் பார்த்திருந்தது. அதையும் எடுத்தார்கள். படுக்கையில் கிடந்தபடி ஒரே ஒரு கேள்வியைத்தான் டாக்டரிடம் கேட்டேன். அது என்னுடையதா, அக்காவிடமிருந்து வந்ததா?

"உங்க தோல், உங்க செல். உங்க அக்கா கொடுத்த கிட்னி சுத்தமா இருக்கு. அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை," என்றார்.

அப்புறம் மெதுவாக மீதியைச் சொன்னார். இனி வாட்ச்மேனைக் கொஞ்சம் எழுப்ப வேண்டும். மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, வேறு ஒன்றை மாற்றித் தரப்போகிறார். எழுந்தால் மிச்சம் மீதி இருக்கிற திருடனைப் பிடிப்பான். விருந்தாளியையும் அடையாளம் கண்டுகொள்ளலாம். கிட்னி தாங்கலாம், தாங்காமலும் போகலாம், வாராவாரம் ரத்தம் பார்ப்போம். மாத்திரையை அப்படியே விட்டால் கிட்னி பத்திரம், ஆனால் நான் இருப்பேனா என்று அவரால் சொல்ல முடியாது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அக்காவை விரட்டத் துணிகிறேனா என்றுதான் என் காதில் விழுந்தது. இரண்டு நாள் அவகாசம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மச்சம் எப்போது தொடங்கியது, எப்படி வளர்ந்தது என்று பார்க்கப் பழைய போட்டோக்கள் இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டர். கட்டுப்போட்ட கழுத்தோடு உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டே பின்னால் போனேன். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நானும் அக்காவும் உட்கார்ந்திருக்க, எதிரில் நின்று மாமா எடுத்த படம் ஒன்று வந்தது. அக்கா பச்சைப் புடவையில் சிரித்துக்கொண்டிருந்தாள். மச்சம் வலது கழுத்தில் இருந்தது.

பெரிதாக்கிப் பார்த்தேன். வலதுதான். எழுந்து கூடத்துப் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். அதில் இடது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது புடவை கண்ணில் பட்டது. சுவரில் இருந்த படத்தில் முந்தானை அக்காவின் வலது தோளில் கிடந்தது. நம் ஊரில் எந்தப் பெண் வலது தோளில் முந்தானை போடுவாள்? அவளே முன்கேமராவில் எடுத்த படம், கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி விழுந்திருக்கிறது. அதையே பெரிதாக்கி, வானம் போட்டு, சட்டம் அடித்து, தினமும் பூப் போட்டுக் கும்பிட்டிருக்கிறோம். பொட்டை அளந்தேன், மச்சத்தை அளந்தேன், புடவை திரும்பியிருப்பதைப் பார்க்கவில்லை. தரம் பார்க்கிறவனாம்.

வெள்ளிக்கிழமை மாமா வந்தார். பூவைப் படத்துக்குப் போட்டார். நாற்காலியை இழுத்து வழக்கம்போல என் இடது பக்கம் உட்கார்ந்தார். கட்டுத்துணியைப் பார்த்தார். நான் போனை நீட்டினேன்.

"தெரியும் மச்சான்," என்றார். படத்தை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "மொத நாளே தெரியும். அவளுக்கு அது வலது பக்கம். பதினோரு வருசம் கூட வாழ்ந்தவன், எனக்குத் தெரியாதா?"

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எள்ளளவில் இருந்தபோதே போய்க் காட்டியிருப்பேன்.

"சொன்னா நீ போய் எடுத்துனு வந்துடுவ. அப்பறம் வாரா வாரம் நான் எங்க போவேன்?"

கோபத்தில் எழுந்து போய்விட வேண்டும் என்றிருந்தது. ஆனால் ஒன்றரை வருடம் கழுத்துப் பொத்தானைப் போட்டவன் நான். இவரை எந்த முகத்தோடு திட்டுவது? மாத்திரையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், கிட்னி போனாலும் போகலாம் என்று மட்டும் சொன்னேன். மாமா எழுந்தார். பிறகு நாற்காலியைத் தூக்கி என் வலது பக்கம் போட்டு உட்கார்ந்து, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அவ போனா போவட்டும் மச்சான். நீ இரு. அதுக்குத்தான அவ குடுத்தா."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அக்கா போனபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. நானும் அழுதேன். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, குறைத்துவிடுங்கள் என்றேன்.

அவர் கிளம்பிய பிறகு அம்மாவிடம் போனைக் காட்டினேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீரைக்குத் திரும்பினாள்.

"பெத்தவளுக்குத் தெரியாதா எந்தப் பக்கம்னு. மச்சம் மாறித்தான் வந்து கீது, அவளுது இல்லன்னு அன்னிக்கே நெனச்சேன். கற்பூரம் ஏத்துனது மனசு கேக்காம," என்றாள். பிறகு முறத்தைக் கீழே வைத்தாள். "ஆனா டிவி பாக்க சொல்ல உன் வெரலு வலது பக்கம்தான்டா போவுது. அங்க ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்லாத எடத்த தேச்சிகினு இருந்த. அத்தப் பாத்துதான் நான் நம்புனேன்."

நான் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் வலது காதுக்குக் கீழே, தாடை முடிகிற இடத்தில் இருந்தது.

மாத்திரை பாதியாகி ஆறு மாதம் ஆகிறது. வாராவாரம் ரத்தம் கொடுக்கிறேன். கிட்னியின் நிலையைக் காட்டுகிற எண் ஒரு முறை ஏறி எல்லோரையும் பதறவைத்துவிட்டு இறங்கியது. கிட்னி இன்னும் ஓடுகிறது. தொப்பி ஆணியிலிருந்து தலைக்கு வந்துவிட்டது. நர்ஸ் தாளைப் பார்த்துக் கேட்கும்போது இப்போதெல்லாம் அவசரப்பட்டுப் பதில் சொல்வதில்லை.

போன செக்கப்பில் டாக்டர் அம்மா இடது பக்கத் தழும்பைப் பார்த்து, நன்றாக ஆறியிருக்கிறது என்றார். நான் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்து வலது காதுக்குக் கீழே காட்டினேன். அங்கே என்ன தெரிகிறது என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். சுத்தமாக இருக்கிறது, ஒன்றுமே இல்லை என்றார்.

இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன்.